சிலம்பும் கிளட்சும்

சென்ற மாதம் மதுரையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவள் மகன் கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, எண்ணெய்க் கறை படிந்த ஓர் இரும்பு உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாணவர்கள் சேர்ந்து செய்யும் சிறு பந்தய வண்டியின் கிளட்ச் அது. கார்ட் என்று அந்த வண்டியைச் சொல்கிறார்கள். தரையோடு ஒட்டி ஓடும், கூரையும் கதவும் இல்லாத நான்கு சக்கர வண்டி.

"மாமா, இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கை மாத்திப் போட்டா வெளியில இருந்து பாக்குற யாருக்கும் தெரியாது. ஆனா பந்தயத்துல கண்டுபிடிச்சிருறாங்க. எப்படின்னு சொல்லுங்க பாப்போம்" என்றான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் விளக்கியதைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. மூடிய ஒன்றுக்குள் இருக்கும் கள்ளத்தை எப்படி அறிவது? அறிய வேண்டியவர் யார்? தவறாக அறிந்துவிட்டால் யார் பொறுப்பு? இவற்றைத் தேடிப் போனதில் முல்லைக்கலி, மதுரைச் சுற்றுவட்டத்தின் மாட்டுவண்டிப் பந்தயம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அலங்காநல்லூர் என்று வழி நீண்டுவிட்டது. இலக்கியம் பேசும் இடத்தில் கிளட்சுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

முதலில் கிளட்ச். கார்ட் பிறந்தது 1956-இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். பந்தயக் கார்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றில் புல்வெட்டும் இயந்திரத்துக்கான சிறு எஞ்சினைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். பிறகு அது உலகமெங்கும் பரவி, கார்ப் பந்தயக்காரர்களின் தொடக்கப்பள்ளி ஆயிற்று.

இன்று பல கார்ட்களில் இருப்பது மையவிலக்கு கிளட்ச். டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் நிறுவனம் 1980-இல் ஓசூரிலிருந்து கொண்டுவந்த அந்த மொபெட்டில் கிளட்ச் பிடிக்கக் கைப்பிடி கிடையாது. திருகினால் நகரும், விட்டால் நிற்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சிறு கட்டைகளை ஸ்பிரிங்குகள் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். சுழற்சி கூடும்போது கட்டைகள் வெளிப்புறம் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மின் உட்சுவரைக் கவ்வும். அந்தக் கணத்தில் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும்.

கள்ளம் நுழைவது அந்தக் கணத்தில்தான். கார்ட்களில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் குறைந்த சுழற்சியில் வலு இல்லை. சுழற்சி மிகுந்தால்தான் முழு வீரியம் வரும். கிளட்ச் சீக்கிரமே கவ்விவிட்டால் வண்டி மந்தமாகப் புறப்படும். சற்றுத் தாமதித்துக் கவ்வினால், எஞ்சின் வேகம் பிடித்த பிறகு விசை சக்கரத்துக்குச் சென்று வண்டி பாயும். மெதுவான வளைவுகளிலிருந்து வெளிவரும்போதும் அப்படியே. ஆகவே ஸ்பிரிங்கை இறுக்கமானதாக மாற்றுவது, கட்டையைச் சீவி எடை குறைப்பது, டிரம்முக்குள் துளி எண்ணெயோ கிரீஸோ தடவி வழுக்க விடுவது என்று பல உபாயங்கள். பந்தயத்தில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது ஒரு நொடியின் சிறு பின்னம். அதற்கு இது போதும்.

சோதனை எளிமையானது. ஆஸ்திரிய நிறுவனமான ரோட்டாக்ஸ் தன் மாக்ஸ் வகை எஞ்சின்களுக்கு விதித்த விதி, கிளட்ச் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்குள் கவ்வியாக வேண்டும் என்கிறது. ஓட்டுநரை இறக்கிவிட்டு, வெற்று வண்டியைத் தரையில் நிறுத்தி, மெதுவாகத் திருகுவார்கள். சுழற்சிமானி 4000-ஐக் காட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட வேண்டும். நகரவில்லை என்றால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. அடுத்து, டிரம்மின் உட்புறம் உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே உயவுப்பொருள் எதுவும் கூடாது. கட்டைகளையும் அளவுகோல் வைத்து அளப்பார்கள். இவை போதாவிட்டால் வண்டியில் உள்ள பதிவுக் கருவி பேசும். சுழற்சியும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டிய இடத்தில் சுழற்சி மட்டும் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால், கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

மருமகன் ஒன்றை அழுத்திச் சொன்னான். கிளட்ச் தேய்ந்தாலும் வழுக்கும். சீல் கசிந்து எண்ணெய் இறங்கினாலும் வழுக்கும். வேண்டுமென்றே செய்ததா, தானாக நேர்ந்ததா என்று விதி கேட்பதில்லை. வண்டி விதிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனத்தை அளக்கும் கருவி இல்லாததால் இரும்பை அளக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1994-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பெனட்டன் அணிக் காரின் கணினி நிரலை ஆராய்ந்தபோது, தடைசெய்யப்பட்டிருந்த புறப்பாட்டு உதவி உள்ளே மறைந்திருந்தது தெரியவந்தது. ஆனால் அதைப் பந்தயத்தில் பயன்படுத்தினார்கள் என்று நிறுவ முடியவில்லை. அதற்காகத் தண்டனையும் இல்லை. ஒன்று உள்ளே இருப்பது குற்றமா, அதை எடுத்து உபயோகிப்பது குற்றமா என்ற பழைய தர்க்கம் கணினிக்குள்ளும் வந்து சேர்ந்தது.

நம் மாநிலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் வளர்ந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, எல்லோருக்கும் ஒரே வகை வண்டி என்ற பந்தயத்துக்கு வழி செய்தார். செலவைக் குறைப்பதே அதன் முதல் பயன். எல்லா வண்டியும் ஒன்றுபோல் இருந்தால் வேறுபடுவது சட்டென்று கண்ணில் படும் என்பது மற்றொரு பயன். 1995-இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்க்காரர்தான்.

*

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பந்தயம் என்றால் வேறு வண்டி. மேலூர்ப் பக்கமும், கிழக்கே சிவகங்கை, இராமநாதபுரம் வரையிலும் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்க்காதவர் குறைவு. சிறுவயதில் சாலையோரப் புளியமரத்தடியில் நின்று பார்த்திருக்கிறேன். தூரத்தில் முதலில் புழுதி தெரியும், பிறகு சலங்கை கேட்கும், பிறகு இரைச்சலோடு நம்மைக் கடந்து போய்விடும். வீட்டுக்குப் போனபின் வென்றது யார் என்று கேட்டால் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துவராது.

இந்தப் பந்தயத்தின் சொற்கள் அழகானவை. பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு. இவை பந்தயப் பிரிவுகள். மாட்டின் வளர்த்தியைக் கொண்டு பிரிக்கிறார்கள். இளங்காளைகளுக்குக் குருவிகளின் பெயர் வைத்த கற்பனை எந்தச் சம்சாரியுடையதோ. தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்வார்கள். பெரிய மாட்டுக்குப் போகவர இத்தனை மைல், கரிச்சானுக்கு இத்தனை மைல் என்று. பாதித் தொலைவில் கொடி இருக்கும். அதைத் தொட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஓட்டுபவரைச் சாரதி என்பார்கள். மகாபாரதத்திலிருந்து நேராக இறங்கி வந்த சொல்.

கள்ளம் நுழையக்கூடிய இடங்களைப் பாருங்கள். வளர்ந்த மாட்டைக் கீழ்ப் பிரிவில் இறக்கலாம். கொடிக்கு முன்பே திரும்பலாம். பின்னால் வரும் வண்டியைக் குறுக்கே மறிக்கலாம். முள் வைத்த குச்சியால் குத்தலாம், வாலை முறுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிராக ஒரு சோதனை உண்டு. பிரிவுக்குப் பல்லையும் உயரத்தையும் பார்க்கும் பழகிய கண். திரும்புவதற்குக் கொடியடியில் நிற்கும் ஆள். வழிமறிப்புக்குச் சாலையோரக் கூட்டமே சாட்சி. கொங்கு நாட்டு ரேக்ளா வேறு வகை. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய நேர்ச் சாலையில் வண்டிகளைத் தனித்தனியே ஓடவிட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். மதுரைப் பக்கப் பந்தயத்தின் தீர்ப்பு கண்ணிலும் ஊராரின் சொல்லிலும் இருக்கிறது.

கிளட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். மேலே சொன்ன கள்ளங்களில் பெரும்பாலானவை போட்டியாளருக்கு எதிரானவை. முள்குச்சியும் வால்முறுக்கும் மட்டும் அப்படியல்ல. அவை இழைக்கப்படுவது வண்டியை இழுக்கும் உயிருக்கு. தோற்ற சாரதி பஞ்சாயத்தில் முறையிடுவார். மாடு யாரிடம் முறையிடும்? ஊர்ச் சோதனை தொட மறந்த இடம் அது. பிற்பாடு நீதிமன்றம் நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

*

அதற்குமுன் கொஞ்சம் பழைய கதை. பந்தயக் கள்ளத்துக்கான தண்டனைகளில் கிரேக்கர்களுடையது புகழ்பெற்றது. கி.மு. 388-இல் ஒலிம்பியாவில் தெஸ்ஸலி நாட்டு யூப்பொலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிரிகளுக்குப் பணம் கொடுத்துத் தோற்கச் செய்தான். வசூலித்த அபராதத்தில் ஸீயஸ் தெய்வத்துக்கு வெண்கலச் சிலைகள் செய்து, விளையாட்டரங்கத்துக்குள் நுழையும் வழியில் வரிசையாக நிறுத்தினார்கள். பின்னால் வந்த வீரர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சிலைகளைக் கடந்துதான் உள்ளே போனார்கள்.

நமக்குக் கலித்தொகை இருக்கிறது. 1887-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை அச்சுக்குக் கொண்டுவந்த நூல். அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் மதுரைக்காரர். முல்லைக்கலியில் ஏறு தழுவும் காட்சிகளைப் படிக்கும்போது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. ஏறுகளைத் தொழுவில் விடுவதற்கு முன் அவற்றின் கொம்புகளைக் கூராகச் சீவுகிறார்கள். ஒளித்துச் செய்யவில்லை. அதுவே விழாவின் ஏற்பாடு. கூரிய கொம்புக்கு அஞ்சாதவனே ஆயர் மகளுக்கு உரியவன் என்னும்போது, கொம்பு கூராக இருந்தால்தானே சோதனை சோதனையாகும்?

இன்று அலங்காநல்லூரில் கால்நடை மருத்துவர்கள் மாட்டின் கொம்பைத் தடவிப் பார்க்கிறார்கள். கூராகச் சீவியிருந்தால் அந்த மாட்டைக் களத்தில் இறக்க முடியாது. அன்று முறையாக இருந்தது இன்று முறைகேடு. கள்ளம் என்பது பொருளில் இல்லை, விதியில் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் தானாகக் குற்றமாவதில்லை. 4000 என்ற எண்ணை எழுதியபின்தான் அது குற்றமாகிறது. அப்படியானால் விதியை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்பதே வரலாற்றுக் கேள்வி. முல்லைக்கலியின் விதி பெண்ணின் வீட்டாருக்காக. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லில் களத்தின் நடுவே ஜமீன்தாரின் மானம் நிற்கிறது. அங்கே காளை பிடிபட்ட பிறகு அதைச் சுட்டுக் கொல்வதும் அவர்தான். அதைக் கேட்க அங்கே விதியும் இல்லை, ஆளும் இல்லை. மாட்டுக்காக எழுதிய விதி வருவதற்கு நம் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

அந்த விதி வந்த வழி விசித்திரமானது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாம் அறிந்திருப்பது உண்மையில் ஒரு மாட்டுவண்டிப் பந்தயத்தில் தொடங்கியது. இராமநாதபுரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் ரேக்ளா பந்தயம் நடத்தக் காவல்துறை அனுமதி வேண்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு மனு வந்தது. 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி அளித்த தீர்ப்பு, மனுவில் கேட்டதைக் காட்டிலும் வெகுதூரம் சென்றது. ரேக்ளா, எருது ஓட்டம், ஜல்லிக்கட்டு மூன்றுக்கும் தடை. அனுமதிச் சீட்டு கேட்டுப் போனவர் தென்மாவட்டங்களின் விளையாட்டு முழுவதையும் வழக்குமன்றத்தில் நிறுத்திவிட்டார்.

2007-இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கி நிபந்தனைகள் விதித்தது. 2008 பொங்கலின்போது உச்ச நீதிமன்றம் முதலில் மறுத்து, பின் நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2009-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதில் நம் கதைக்கு முக்கியமான ஒரு பிரிவு இருக்கிறது. மாடுகளுக்கு ஆற்றல் கூட்டும் மருந்து எந்த வடிவிலும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கால்நடைத் துறையினர் சோதித்து உறுதிசெய்வதை மாவட்ட ஆட்சியர் கவனிக்க வேண்டும். 1910-ஐ ஒட்டி வியன்னாவில் பந்தயக் குதிரைகளின் உமிழ்நீரில் மருந்தைத் தேடத் தொடங்கினார்கள். அந்தச் சோதனை நூறு ஆண்டு நடந்து நம் வாடிவாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் தாளில் எழுதிய சோதனையும் களத்தில் நடந்த சோதனையும் ஒன்றாக இருக்கவில்லை என்று விலங்கு நல வாரியம் வாதிட்டது. கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது, சாராயம் புகட்டுவது, வாலைக் கடிப்பது, முறுக்குவது என்று அதன் அறிக்கைகள் பட்டியலிட்டன. இடையே 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்திருந்தது. 2014 மே 7 அன்று நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடைசெய்தது. 2009 சட்டமும் செல்லாததாயிற்று.

இந்த இடத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். மிளகாய்ப்பொடி தூவியவர்கள் எத்தனை பேர்? ஒரு மாட்டைப் பிள்ளையைப் போல வளர்த்து, வெல்லமும் பருத்திக்கொட்டையும் ஊட்டி, அதன் திமிலில் அந்நியன் கை படாததையே பெருமையாகக் கொண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சாராயம் புகட்டுவது என்பது கேட்கவே கூசும் காரியம். ஆனால் பொய் செய்தவர்களை வாசலிலேயே தடுக்க ஆள் இல்லாதபோது, தீர்ப்பு அனைவர் மீதும் விழுந்தது. சோதனை தளர்ந்தால் முதலில் தண்டிக்கப்படுபவர் நேர்மையானவர். கார்ட் பந்தயத்தில் அவருக்கு நான்காம் இடம் போகும். இங்கே விழாவே போயிற்று.

2016 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு அறிவிப்பை உச்ச நீதிமன்றம் சில நாட்களில் நிறுத்திவைத்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னைக் கடற்கரையிலும் மாநிலமெங்கும் திரண்ட கூட்டம் அனைவரும் அறிந்தது. சட்டத் திருத்தமும் அதன்கீழ் விதிகளும் வந்தன. 2023 மே 18 அன்று நீதிபதி கே. எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் சட்டத்தோடு மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகியவற்றின் சட்டங்களையும் செல்லும் என்றது. அதன் தர்க்கத்தைச் சுருக்கிச் சொன்னால், 2014-இல் மன்றம் கண்ட ஜல்லிக்கட்டும் புதிய விதிகளின்கீழ் நடப்பதும் ஒன்றல்ல என்பது. விளையாட்டைக் காப்பாற்றியது மரபு மட்டும் அல்ல. அளக்கப்பட்ட களம், தடுப்பு, மருத்துவச் சோதனை ஆகியவை சேர்ந்துதான் காப்பாற்றின.

ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டை வரையறுக்கும்போது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்கிறது. வழக்கைத் தொடங்கிவைத்த மாட்டுவண்டிப் பந்தயத்தின் பெயர் அந்த வரையறையில் இல்லை.

*

இப்போது தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மாட்டுக்கும் பிடிப்பவருக்கும் இணையப் பதிவு. மருத்துவச் சான்று. காளை நாட்டு இனமா, வயது சரியா, மருந்தோ மதுவோ ஏற்றியிருக்கிறதா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எண்ணெய் தடவினால் திமில் வழுக்கும். டிரம்முக்குள் தடவிய கிரீஸ் செய்யும் அதே வேலை. பிடிப்பவரும் சோதனைக்கு உட்பட்டவர். மது அருந்தியிருந்தால் உள்ளே போக முடியாது. சுற்றுக்கு ஒரு நிறத்தில், எண் போட்ட பனியன் கொடுக்கிறார்கள்.

பனியன் எண்ணை வைத்தும் ஒரு வழக்கு வந்தது. 2021 ஜனவரியில் அலங்காநல்லூரில் அதிக மாடுகளைப் பிடித்ததாக 33-ஆம் எண் பனியன்காரர் முதல் பரிசுக்கு அறிவிக்கப்பட்டார். பரிசு ஒரு கார். அந்த எண் வேறொருவர் பெயரில் பதிவானது, நடுவில் பனியன் கைமாறிவிட்டது என்று இரண்டாம் இடம் பெற்றவர் முறையிட்டார். விசாரணை, மதுரைக் கிளையில் வழக்கு என்று போயிற்று. மாட்டின் இரத்தத்தைச் சோதித்தார்கள், மனிதரின் மூச்சைச் சோதித்தார்கள். சட்டைக்குள் இருப்பது யார் என்ற கேள்வி மிச்சமிருந்தது. கார்ட் பந்தயத்தில் எஞ்சினுக்கு எண் பொறித்த முத்திரை இடுவது இதற்காகத்தான். சோதித்த பொருளும் ஓடிய பொருளும் ஒன்றே என்பதற்கு அந்த முத்திரைதான் சான்று.

*

மோட்டார் பந்தய விதிகளில் என்னை மிகவும் கவர்ந்தது முறையீட்டுக்கான வைப்புத்தொகை. இன்னொருவர் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், முதலில் பணம் கட்ட வேண்டும். திறந்ததில் கள்ளம் இருந்தால் பணம் திரும்பும். இல்லாவிட்டால் போனது போனதுதான். சந்தேகிக்கும் உரிமை உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு. உடைத்துப் பார்த்தபின் 'மன்னிக்கவும், சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நடந்துவிட முடியாது.

இதை மருமகன் சொன்னபோது நாங்கள் வைகைக் கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். எனக்குச் சிலம்பு நினைவுக்கு வந்தது.

மூடிய பொருளுக்குள் இருப்பது என்ன என்பதை வைத்து நடந்த வழக்குகளில் பழமையான ஒன்று இந்த ஊரில்தான் நடந்தது. இரண்டு சிலம்புகள். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருப்பவை. அரசியினுடையதில் முத்து, கண்ணகியினுடையதில் மாணிக்கம். கோவலன் கையிலிருந்ததைத் திறந்து பார்க்க ஒரு நொடி போதும். பாண்டியன் பார்க்கவில்லை. பொற்கொல்லனின் சொல்லை எடுத்துக்கொண்டான். உண்மையில் திருடிய அவனே அங்கே சோதனையாளனாக இருந்தான். சோதனை நடந்தது, தண்டனை நிறைவேறிய பிறகு. அதுவும் அரசன் செய்யவில்லை. கணவனை இழந்தவள் தன் சிலம்பைத் தானே உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. வைப்புத்தொகையை அவள் முன்பே கட்டியிருந்தாள்.

பாண்டியனைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வது, தவறு உணர்ந்ததும் உயிரை விட்டான் என்பது. அது பெரிய விஷயம்தான். ஆனால் கிளட்ச் கற்றுக்கொடுத்த பிறகு எனக்கு வேறொன்று படுகிறது. சோதனை என்பதைக் கள்ளனைப் பிடிக்கும் உபாயமாகவே நினைத்திருந்தேன். அதன் முதல் வேலை கள்ளன் அல்லாதவனைக் காப்பது. கொம்பைத் தடவிப் பார்க்கும் மருத்துவர் காப்பது, சீவாத கொம்போடு வந்த மாட்டையும், அதை ஓட்டி வந்தவரையும், எதிரே நிற்கும் இளைஞரையும். வெற்று வண்டியைத் திருகிப் பார்க்கும் பரிசோதகர் காப்பது, இரவெல்லாம் விழித்து விதிப்படி கிளட்ச் பூட்டிய மாணவர்களை.

வீட்டுக்குத் திரும்பியதும் மருமகன் டிரம்மைத் துணியால் துடைத்து, உட்புறத்தைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "உலர்ந்திருக்கு மாமா" என்றான். என் கையில் கொடுத்தான். நானும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.